கடற்கரையில் யார் கீறிய கோடு?

சல்லி முத்துமாரியம்மன் கோயிலடியில் இருந்து கரையோரமாக நடந்தால் தெற்கே கோணேசர் மலை தெரியும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே திரும்புகின்றன. மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அப்படித் திரும்பிய ஒரு கப்பலைப் பார்த்தபடி ஓர் அக்கா கேட்டார்:

"ஏன் பிள்ளை, உலகத்தில உள்ளவை எல்லாம் சண்டை பிடிச்சுப்போட்டு எங்கட ஊரில வந்துதான் பங்கு பிரிப்பினமோ? ஒருக்கா இந்தியாக்காரன் வந்தான். பிறகு நோர்வேக்காரன் வந்தான். இப்ப சூரிய ஒளியில கரண்ட் எடுக்கினமாம். நாங்கள் ஆருக்குக் கடன்பட்டனாங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எல்லைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவள் நான். அந்தக் குறிப்புகளில் ஒன்றுகூட இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

அந்த அக்கா சம்பூரில் பிறந்து சல்லிக்கு வாழ்க்கைப்பட்டவர். 2007 இல் கடலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. கருவாடு போட்டு, இடியப்பம் அவித்து விற்று, மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியிருக்கிறார். சம்பூரில் அவருடைய தாய்க்குச் சீதனமாக வந்த வீட்டு வளவும், அரசாங்கம் உத்தரவுப்பத்திரத்தில் கொடுத்த ஒரு வயல் துண்டும் இருந்தன. அந்த இரண்டையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவருடைய கேள்விக்கு வருகிறேன்.

கரைவலை இழுக்கும் ஊர்ப் பெண்களுக்கு எல்லை என்றால் என்னவென்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. எந்தக் குடும்பத்தின் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பனை, ஒரு கல், ஒரு வாடி, இவைதான் அடையாளம். பக்கத்துப் பாட்டுக்காரரோடு பிணக்கு வந்தால் பேசித் தீர்ப்பார்கள், அல்லது ஏசித் தீர்ப்பார்கள். ஆனால் இந்தக் கரையை ஒருநாளும் காணாத ஒருவர், கொழும்பிலோ அதற்கும் அப்பாலோ இருந்து, கடதாசியில் கோடு கீறிப் பாட்டைப் பிரித்துவிட்டால் என்ன நடக்கும்? கீறியவர் போய்விடுவார். சண்டை இரண்டு பாட்டுக்காரருக்கும் இடையில் நிற்கும். திருகோணமலையின் கதை பெரும்பாலும் இதுதான்.

உப்பை மட்டும் விட்டுவைத்த ஒப்பந்தம்

1766 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இருந்து தொடங்குவோம். ஒல்லாந்தருக்கும் கண்டி அரசுக்கும் நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முந்திய ஆண்டு ஒல்லாந்தப் படை கண்டி நகருக்குள்ளேயே புகுந்து கொள்ளையடித்திருந்தது. தோற்றுக் களைத்த அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒரு ஒப்பந்தத்துக்கு உடன்பட வேண்டியதாயிற்று. அதன்படி இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தக் கம்பனிக்குச் சொந்தம். அதுவரை கண்டியின் கையில் இருந்த இடங்களிலும் கரையோரமாக ஒரு நீளத் துண்டு நிலம் பட்டியைப்போல வெட்டி எடுக்கப்பட்டது. கடலே இல்லாத அரசாகக் கண்டி ஆனது. மக்கள் உப்பு அள்ளிக்கொள்ளச் சில இடங்களில் அனுமதி கொடுத்தார்கள். உப்பு இல்லாமல் சமைக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது போலும்.

இந்தக் கோடு ஏன் முக்கியம்? அதற்கு முன் திருகோணமலைப் பகுதியில் பட்டணப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என்று நான்கு பற்றுகள் இருந்தன. வன்னிபங்கள் அவற்றை ஆண்டார்கள். அவர்கள் சில காலம் கண்டி அரசனுக்குத் திறை கொடுத்தார்கள், சில காலம் கோட்டையில் இருந்தவனுக்குத் தலையாட்டினார்கள். மற்றும்படி தங்கள் பாட்டில் இருந்தார்கள். 1660 இல் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கொட்டியாரத்தில் கரையிறங்கிப் பிடிபட்டபோது அவரைப் பிடித்தவர்கள் கண்டி அரசனின் ஆட்கள். அதே கொட்டியாரத்தில் தமிழ்க் கோயில்களும் தமிழ் ஊர்களும் இருந்தன. இந்த நாடு யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் காலத்தில் ஒற்றைப் பதில் இருக்கவில்லை. உறவும் வழிபாடும் வியாபாரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. அதன் நடுவே ஒரு கூர்மையான கோட்டைப் போட்டவர்கள் வெளியில் இருந்து வந்தவர்கள்.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் திருகோணமலைக் கோட்டைக் கொடி மாறிய கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். 1782 தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் பிடித்தார். ஐரோப்பாவில் சமாதானம் வந்ததும் கடைசியில் ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். 1795 இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டுக்குள் புகுந்தது. ஒல்லாந்து இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடி, கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு, எங்கள் கோட்டைகளை ஆங்கிலேயரிடம் விட்டுவிடுங்கள் என்று கடிதம் எழுதினார். அகதியாகப் போன ஒருவர் எழுதிய கடிதம்! நாங்களும் அகதியாகப் போனவர்கள்தான். எங்கள் கடிதத்துக்கு விதானையார்கூடப் பதில் போடுவதில்லை.

கடிதம் வந்தும் கோட்டைக்காரர் உடனே விடவில்லை. ஆவணியில் முற்றுகையிட்டுத்தான் பிடித்தார்கள். 1802 பங்குனியில் பிரான்சின் அமியன்ஸ் நகரில் சமாதான உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆங்கிலேயர் போரில் பிடித்த பல இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். தங்களுக்கென்று வைத்துக்கொண்டவை இரண்டு: மேற்கிந்தியத் தீவுகளில் திரினிடாட், இந்து சமுத்திரத்தில் ஒல்லாந்தர் வசம் இருந்த இலங்கைக் கரையோரம். காரணம் எங்கள் துறைமுகம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்தியாவின் கிழக்குக் கரையில் கப்பல் ஒதுங்க நல்ல இடம் இல்லை. திருகோணமலையின் உள்துறைமுகத்துக்குள் எந்தக் காற்றும் வராது. 

1833: மேசையில் பிரித்த மாகாணங்கள்

1815 இல் கண்டியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கண்டியர்கள் 1817, 1818 இல் கிளர்ந்தெழுந்தார்கள். அது மிகக் கொடூரமாக அடக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி, 1833 இல் முழு இலங்கையையும் ஒரே நிர்வாகமாக்கி ஐந்து மாகாணங்களாகப் பிரித்தார்கள். பழைய கண்டி இராச்சியத்தைத் துண்டுதுண்டாக வெட்டி ஒவ்வொரு கரையோர மாகாணத்தோடும் ஒட்டிவிட்டார்கள். கண்டியர் என்ற ஒற்றுமை மறுபடி தலைதூக்கக்கூடாது என்பதும் அதன் ஒரு நோக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று பொலன்னறுவை மாவட்டமாக இருக்கும் தமன்கடுவை அப்போது கிழக்கு மாகாணத்தில் இருந்தது. நுவரகலாவிய வடக்கு மாகாணத்தில் இருந்தது. 1873 இல் இரண்டையும் கழற்றி வடமத்திய மாகாணம் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். "வடக்கு கிழக்கு" என்று நாங்கள் சொல்லும்போது எங்கள் மனதில் வரும் படம், இந்த 1833 உம் 1873 உம் சேர்ந்து கீறிய படம். எங்கள் தாய்மொழி இங்கே பேசப்பட்டு வந்தது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது என்பது வேறு விடயம். ஆனால் வரைபடத்தின் ஓரம் ஆங்கிலேயர் கீறியது. "இது பழைய கண்டி இராச்சியத்தின் பகுதி" என்று மறுபக்கத்தில் சொல்பவர்களின் மனதில் இருப்பது 1766 க்கு முந்திய ஒரு படம். அதிலும் கொட்டியாரம் எவ்வளவு தூரம் கண்டிக்குச் சொந்தம் என்பது வன்னிபத்தின் மனநிலையைப் பொறுத்தது! 1799 இல் கிளெக்கோன் என்ற ஆங்கில அதிகாரி, இந்தத் தீவை இரண்டு இனங்கள் பிரித்து வைத்திருந்தன என்று ஒரு குறிப்பு எழுதினார். அதைத் தமிழ்த் தலைவர்கள் எத்தனையோ மேடைகளில் ஆதாரமாகக் காட்டினார்கள். அதே குறிப்பில் சிங்களவர் சீயம் நாட்டில் இருந்து வந்தவர்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். புதிதாக வந்த ஒருவர் கேட்டதை எழுதிய குறிப்பு அது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் இரத்தம் சிந்தியிருக்கிறோம்.

1833 இன் கோட்டை விட எங்கள் பெண்களை அதிகம் அலைக்கழித்தது 1840 இன் கோடு என்று நான் நினைக்கிறேன். அந்த ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம் எல்லாம் எழுத்தில் உரிமை காட்டாவிட்டால் அரசாங்கத்துடையதாகக் கருதப்படும் என்றது. மாடு மேய்த்த தரவை, சேனை வெட்டிய காடு, ஊர்ப் பொது நிலம் எல்லாம் ஒரே எழுத்தில் முடிக்குரியதாகின. இன்று இலங்கையின் நிலத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அரச காணி. அந்தக் காணிகளை 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உத்தரவுப்பத்திரத்தில் கொடுத்தார்கள். உத்தரவுப்பத்திரக்காரர் பின்னுரித்தாளர் பெயரைக் குறிக்காமல் இறந்தால், பிள்ளைகளில் ஆண் மூத்தவருக்கே முதலிடம் என்று அந்தச் சட்டம் வைத்திருந்தது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுத்து, மருமகனை வீட்டுக்கு எடுக்கிற எங்கள் கிழக்குக் கரை வழக்கத்துக்கு நேர் எதிரான சட்டம் இது. 2022 இல்தான் அதைத் திருத்தினார்கள். எண்பத்தேழு வருடம்!

வந்து போன மாகாணம்

இனி எங்களில் பலருக்கு நினைவில் உள்ள காலம். ஆங்கிலேயர் 1948 இல் சுதந்திரம் கொடுத்த பிறகும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையில் வைத்திருந்தார்கள். 1957 இல்தான் ஒப்படைத்தார்கள். அதற்கு முன் 1942 சித்திரையில் யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதை எங்கள் பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். உப்புவெளியில், நிலாவெளி வீதியோரம் உள்ள வெள்ளைக்காரரின் யுத்த மயானத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது. புல்லு அழகாக வெட்டியிருக்கும். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பொறாமை வரும். எங்கள் பெண்களில் எத்தனை பேருக்கு ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இருந்து அழக் கிடைத்திருக்கிறது?

சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இப்போதும் நிற்கின்றன. 1987 யூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தபோது, அதோடு இணைத்த கடிதங்களில் இந்தக் குதங்களும் இருந்தன. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை, குதங்களை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகத் திருத்தி இயக்குவது என்று எழுதிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் முன்பக்கத்தில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரு மாகாணம், 1988 முடிவதற்குள் கிழக்கில் மக்களின் விருப்பத்தை வாக்கெடுப்பில் கேட்பது என்று இருந்தது.

அந்த வாக்கெடுப்பு ஒருநாளும் நடக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஒத்திப்போட்டார்கள். கிழக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த முஸ்லிம் மக்களை ஒப்பந்தத்துக்கு முன் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஒரே இரவில் தாங்கள் சிறிய சிறுபான்மையாகிவிட்டோம் என்று அவர்கள் மனம் கசந்தார்கள். ஆயுதம் தாங்கியிருந்த புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. தமிழ்ப் பெண்களை, சிங்களப் பெண்களை, ஒருவரையும் கேட்கவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இணைந்த மாகாணத்தின் தலைநகரம் திருகோணமலை. சபை கூடியது, கலைந்தது. 1990 பங்குனி 24 இல் இந்தியப் படையின் கடைசிக் கப்பல் இதே துறைமுகத்தில் இருந்து புறப்பட்டது. மூன்று மாதத்தில், ஆனியில், போர் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு இந்த மாவட்டத்தில் இருந்து எத்தனை குடும்பங்கள் காட்டுக்குள்ளும் படகிலும் இந்தியாவுக்கும் ஓடின என்பது இதை வாசிக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் அப்போது கைக்குழந்தை.

இணைப்பு முறைப்படி செய்யப்படவில்லை, அது செல்லாது என்று 2006 ஐப்பசியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 தையில் கிழக்கு தனி மாகாணமானது. பதினெட்டு ஆண்டு இருந்த ஒரு கோடு அழிந்தது. அதற்குள் எத்தனை பேர் அந்தக் கோட்டுக்காகவும் அதற்கு எதிராகவும் செத்தார்கள்!

இது எங்கள் நாட்டுக் கதை மட்டுமல்ல. 1945 ஆவணியில் யப்பான் சரணடையும் தறுவாயில் இரண்டு இளம் அமெரிக்க அதிகாரிகள் ஓர் இரவில், கைக்குக் கிடைத்த ஒரு வரைபடத்தை வைத்து, கொரியாவை முப்பத்தெட்டாம் பாகையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து வருடத்தில் போர். இன்றும் அந்த இரு பக்கக் குடும்பங்கள் ஒன்றாகவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பிறகு குர்தியருக்குத் தனிநாட்டுக்கு வழி வைத்து 1920 இல் எழுதிய உடன்படிக்கையை, 1923 இல் இன்னொன்றை எழுதி விழுங்கிவிட்டார்கள். அந்த மக்கள் இன்றும் நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள்.

எனக்கு மனதில் தைத்தது பஞ்சாப் பெண்களின் கதை. றட்கிளிஃப் என்ற ஆங்கில வழக்கறிஞர் 1947 யூலையில் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தார். ஐந்து கிழமையில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் எல்லை கீறிக் கொடுத்துவிட்டுப் போனார். சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆவணி 17 இல்தான் எல்லை எங்கே என்று சனத்துக்குச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் கடத்தப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 75,000 என்று ஊர்வசி பூட்டாலியா எழுதியிருக்கிறார். பிறகு இரண்டு அரசாங்கமும் சேர்ந்து அவர்களை "மீட்க" வெளிக்கிட்டன. 1949 இல் இந்தியா அதற்கென்று சட்டமும் செய்தது. அந்தச் சட்டத்தில் பெண்ணின் விருப்பத்துக்கு இடம் இல்லை. கடத்தியவனோடேயே வேறு வழியின்றி வாழப் பழகி, பிள்ளை பெற்று, இனி எங்கும் போகமாட்டேன் என்று அழுத பெண்ணையும் சமயத்தைப் பார்த்து, அந்தச் சமயத்துக்கு உரிய நாட்டுக்கு அனுப்பினார்கள். போன பலரைப் பெற்றோரே ஏற்கவில்லை. நிலத்தில் கீறிய கோடு கடைசியில் ஒரு பெண்ணின் உடம்பின் நடுவால் போனது. இதைச் சங்கத்தில் நான் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

தெளிவில்லாத கோடு

இனி எங்கள் அக்காவின் கதை. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. அதன்படி முன்னரங்கு நிலைகள் தெளிவாக இல்லாத இடங்களில், 2001 டிசம்பர் 24 இல் யார் எங்கே நின்றார்களோ அப்படியே இருப்பது என்று எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்தில் முகமாலையில் எங்கே கோடு என்று எல்லோருக்கும் தெரியும். திருகோணமலையில்? காடும் களப்பும் வயலுமாகக் கிடக்கும் மூதூர் கிழக்கில், கிண்ணியாப் பக்கத்தில் எங்கே கோடு? 2003 இல் கிண்ணியாவுக்கு அப்பால் மணிராசகுளத்தில் புலிகளின் ஒரு முகாம் அரசாங்கப் பக்கத்திலா அவர்கள் பக்கத்திலா என்று மாதக்கணக்காக இழுபறி. கண்காணிப்புக் குழு அது அரசாங்கப் பக்கம் என்றது, புலிகள் ஏற்கவில்லை. அதைச் சுற்றித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் பதற்றம் வந்தது.

அக்கா அந்த நாட்களில் சல்லியில் இருந்து தாயைப் பார்க்கச் சம்பூருக்குப் போவார். மூதூருக்கு லோஞ்சில் போய், கட்டைப்பறிச்சானில் ஆமியின் சோதனை, பிறகு கொஞ்ச நடை, அங்காலே மற்றவர்களின் சோதனை. "பான் வாங்கிக்கொண்டு போனாலும் ரெண்டு பேரும் குத்திக் குத்திப் பாப்பினம்" என்றார். ஒரே மாவட்டத்துக்குள் தாயிடம் போக இரண்டு நாடு கடக்கவேண்டி இருந்தது.

2006 ஆடியில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. கதவு புலிகளின் பக்கம், அந்தத் தண்ணீரை நம்பிய வயல்கள் பல அரசாங்கப் பக்கம். சிங்கள, முஸ்லிம், தமிழ் விவசாயிகளுக்கு எல்லாம் ஒரே வாய்க்கால் தண்ணீர். அங்கே தொடங்கியது கடைசிப் போர். மூதூர் முஸ்லிம் மக்கள் ஓடினார்கள். ஆவணி 4 இல் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். தொண்டு வேலை செய்யும் எங்களுக்கு அந்த நாள் மறக்காது. சம்பூர் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று நடந்து, மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனார்கள். அக்காவின் தாய் அந்த நடையில் உறுதிப் பையைத் தவறவிட்டுவிட்டார்.

2007 இல் மூதூர் கிழக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் வந்தது. சம்பூரில் இந்தியாவின் அனல் மின் நிலையம், முதலீட்டு வலயம், கடற்படை முகாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். மக்கள் கிளிவெட்டியிலும் கட்டைப்பறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். தாய் 2009 இல் கிளிவெட்டி முகாமில் கண்ணை மூடினார். 2015 இல் 818 ஏக்கருக்கான வர்த்தமானி நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கடற்படை இருந்த காணியும் விடப்பட்டது. மின் நிலையத் திட்டமும் 2016 இல் கைவிடப்பட்டது. ஒன்பது பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போனவர்களுக்குக் கிணற்றைத் தவிர அடையாளம் இல்லை. 2025 சித்திரையில் சம்பூரில் இந்திய உதவியோடு சூரிய மின் நிலையத்தின் கட்டுமானம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே நாளில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எண்ணெய்க் குதங்களைப் பற்றி 2022 தையிலேயே ஒரு புதிய உடன்பாடு வந்துவிட்டது. அக்கா சொன்ன "சூரிய ஒளியில கரண்ட்" இதுதான்.

கரண்ட் வருவதை நான் எதிர்க்கவில்லை. வேலை வந்தால் எங்கள் பிள்ளைகளுக்குத்தான். வெளிநாட்டவர்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு எங்களவர்கள் கை கழுவுவதும் எனக்குச் சம்மதம் இல்லை. கல்லோயா, கந்தளாய், அல்லை என்று குடியேற்றங்களால் மாகாணத்தின் முகத்தை மாற்றியவர்கள் கொழும்பில் நாங்களே வாக்குப் போட்டு அனுப்பிய பாராளுமன்றத்தில் இருந்தவர்கள். 1990 ஐப்பசியில் வடக்கில் இருந்து முஸ்லிம்களை ஒரு பையோடு வெளியேற்றியது வெள்ளைக்காரன் அல்ல, எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் பிடித்தவர்கள். வெளியார் கீறிய கோட்டைக் கத்தியாக மாற்றத் தீட்டுபவர் உள்ளே வேண்டும். அந்தத் தீட்டும் வேலையை நாங்கள் எல்லோரும் மாறி மாறிச் செய்திருக்கிறோம்.

ஒரு சின்ன விடயம் மட்டும் ஞாபகம் வருகிறது. 2002 சமாதானப் பேச்சின்போது பெண்களுக்கென்று ஒரு உபகுழு அமைத்தார்கள். இரண்டு தரப்பிலும் இருந்து ஐந்து ஐந்து பெண்கள். 2003 பங்குனியில் கிளிநொச்சியில் முதல் தடவையாகக் கூடினார்கள். அடுத்த மாதம் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அந்தப் பத்துப் பெண்களும் மூதூர் லோஞ்சில் ஒருதரம் வந்து, கட்டைப்பறிச்சானில் இறங்கி நடந்திருந்தால் கோட்டை எங்கே போடவேண்டும், எங்கே போடக்கூடாது என்று பான் பையோடு நின்ற பெண்களே சொல்லியிருப்பார்கள்.

காணியின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். வீட்டு வளவு உறுதிக் காணி. பையில் போன உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும், காசு கட்டி எடுக்கலாம் என்று சொன்னபோது அக்கா நம்பவில்லை. இரண்டு தரம் திருகோணமலைக்குப் போய்த் தேடுவித்தோம். பாட்டியின் பெயரில் எழுதிய பதிவு கிடைத்தது. பிரதியில் கிழக்கெல்லை கடல் என்று எழுதியிருந்ததை அவர் விரலால் தடவிப் பார்த்தார். வயல் துண்டுதான் சிக்கல். தாய் பின்னுரித்தாளர் பெயர் குறிக்கவில்லை. மூத்தவர் அண்ணன், அவர் எங்கே என்று 2009 இற்குப் பிறகு தெரியாது. ஓர் அலுவலகத்தில் உங்கள் கோவையே இல்லை என்றார்கள். இன்னொரு நாள் போனபோது அதே மேசையில் வேறு ஒரு பிள்ளை இருந்து, தாயின் பெயரைப் பேரேட்டில் தேடி எடுத்துத் தந்தார். அண்ணனுக்கு "காணாமற்போனவர்" சான்றிதழ் எடுத்தால் மேற்கொண்டு விசாரணை வைக்கலாம் என்றார்.

அந்தச் சான்றிதழை எடுக்க அக்காவுக்கு மனமில்லை. "எடுத்தால் அவன் இல்லை எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி" என்றார். மரணச் சான்றிதழ் வேறு, இது வேறு, தேடுவதை இது நிறுத்தாது என்று விளங்கப்படுத்தினேன். பதில் சொல்லாமல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். உங்களில் யாருக்காவது இதே நிலை இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது உத்தரவுப்பத்திர இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, காணிக்கு நான்கு பக்கமும் யார் இருந்தார்கள் என்ற விபரம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். 2022 திருத்தத்தைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். தனியே போகாமல் இரண்டு பேராகப் போங்கள்.

போன கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். சான்றிதழைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சம்பூரில் வயலுக்கு மேற்குப் பக்கம் முன்பு இருந்த மூதூர் முஸ்லிம் அம்மாவைச் சந்தையில் கண்டாராம். அவவுக்கு வரம்பு எங்கே இருந்ததென்று நல்ல ஞாபகமாம். விசாரணைக்கு வந்து சொல்லுவன் என்று அவவே சொன்னாவாம்.